எகிப்து வரைக்கும் கேட்ட கிளிப்பாட்டு

கம்பைநல்லூர்ச் சந்தைத் திடலில் முனியாயி பாடிய பாட்டு எகிப்து தேசத்தில் கேட்டது. ஏதோ காற்றுவாக்கில் கேட்டது என்று நினைத்துவிடக் கூடாது, கணீரென்று கேட்டது. அசைபோட்டுக்கொண்டிருந்த ஒட்டகங்கள் தாடையை அப்படியே நிறுத்தின. ஜெர்மன்காரன் பீரங்கிக்குள் போட்ட குண்டை வெளியே எடுத்து மணலில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்து கேட்டான். பாட்டு முடிந்ததும் இரண்டு பக்கத்துப் பட்டாளமும் 'இன்னொரு தரம், இன்னொரு தரம்' என்று கூவியதில் அன்றைய சண்டை மத்தியானத்துக்கு மேல்தான் தொடங்கியது.

சந்தேகமிருந்தால் கம்பைநல்லூரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். வெல்லமண்டிக்காரர் ஒட்டகத்தின் நிறம்கூடச் சொல்வார். ஊரிலேயே இதை நம்பாத ஆள் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ஹயாத் பாஷா. பாட்டைக் கொண்டுபோன ரேடியோப் பெட்டிக்குப் பொறுப்பே அவர்தான் என்பதுதான் இதிலே சங்கடம்.

ஹயாத் பாஷா சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் அம்மை குத்துகிறவராக இருந்தார். அரூர் தாலுக்காவில் அவர் கால் படாத ஊர் இல்லை. அவர் கால் பட்டதும் காலியாகாத ஊரும் இல்லை. அவருடைய சிவப்புத் தொப்பி தூரத்தில் தெரிந்தால் போதும், தாய்மார்கள் பிள்ளைகளைத் தானியக் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். கருப்பி என்கிறவள் ஒரு தடவை பதற்றத்தில் பிள்ளையோடு மாமியாரையும் சேர்த்து இறக்கிவிட்டாள். அவர் போன பிறகு பிள்ளையை மட்டும் வெளியே எடுத்தாள் என்று பேச்சு.

சித்தேரி மலையில்தான் அவருக்கு ஒரு யுக்தி கிடைத்தது. அங்கே சாமையும் தினையும் கதிர் பிடிக்கும் பருவத்தில், கொல்லைக்குக் கொல்லை பரண் கட்டிப் பிள்ளைகளைக் கிளி ஓட்ட ஏற்றி வைப்பார்கள். பரணில் ஏறிய பிள்ளை தன்னிஷ்டத்துக்கு இறங்கக் கூடாது. பொழுது சாயும்போது எதிர்ச் சரிவிலிருந்து தாய்க்காரி பாட்டாகக் கேட்பாள்:

"மேட்டுக் கொல்லைக் காவக்காரா, கிளி வந்துச்சா?"

பரணிலிருந்து பிள்ளை பதில் பாடும்:

"வந்த கிளி போயிருச்சு, வெயிலுஞ் சாஞ்சிருச்சு, ஆத்தா, நான் எறங்கட்டுமா?"

"எறங்கு சாமி, எறங்கு" என்று அவள் சொன்ன பிறகுதான் கால் தரையில் படலாம். அதற்கு முன் இடி விழுந்தாலும் பரணில்தான். ஹயாத் பாஷா பகலெல்லாம் புதரில் ஒளிந்திருந்து, "எறங்கு சாமி" என்ற குரல் கேட்டதும் பரணடியில் போய் ஊசியோடு நிற்பார். இறங்குகிற பிள்ளை நேராக அவர் மடியில்தான் இறங்கும். முனியாயியின் மகன் செல்லனை அவர் பிடித்தது இப்படித்தான். "வலிக்காதுடா ராஜா" என்று சொல்லிக்கொண்டே குத்தினார். அவன் போட்ட சத்தத்தில் கிளிகள் அந்தப் பருவம் முழுவதும் மைசூர்ப் பக்கமே இருந்துவிட்டன.

"என் வாயாலயே என் புள்ளைய எறங்க வெச்சுப் புடிச்சீங்களே பாய்!" என்று முனியாயி அதன் பிறகு சந்தைக்குப் புளியும் கடுக்காயும் கொண்டு இறங்கும்போதெல்லாம் அவரைத் திட்டாமல் போனதில்லை. அவரும் அவளிடம் திட்டு வாங்காமல் புளி வாங்கியதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு கிடைத்த அன்று வீட்டில் ரஹமத் பீவியிடம் சொன்னார்: "ஆயுசு பூரா என்னைப் பாத்து ஓடுனாங்க. இனிமேலாச்சும் என்னைத் தேடிக்கிட்டு வர்ற மாதிரி ஒரு வேலை செய்யணும்."

"அப்ப ஊசிய மொதல்ல கெணத்துல போடுங்க" என்றாள் ரஹமத் பீவி.

அந்தச் சமயத்தில்தான் சர்க்கார், யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று தர்மபுரிப் பக்கத்துச் சின்ன ரயிலின் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது. போனதற்குப் பதிலாகக் கம்பைநல்லூருக்கு ஒரு ரேடியோப் பெட்டி வந்தது. பெட்டி வருவதற்கு முன்பே அதைப் பரிபாலனம் செய்ய ஒரு கமிட்டி வந்துவிட்டது. கமிட்டியின் தலைவர் மாரப்பன், பெரிய நிலக்காரர். அங்கத்தினர்கள் அவருடைய மச்சினர்கள். சந்தைத் திடலில் மேடை கட்டி, கம்பத்தில் ஒலிபெருக்கியை மாட்டி, மாரப்பன் திறப்புவிழாப் பிரசங்கம் செய்தார்.

"மகா ஜனங்களே! முன்னே நீங்க ரயிலேறி வெளியூர் போனீங்க. அதனாலே கால் விரயம், காசு விரயம். இனிமே வெளியூரே இங்க வந்துரும். இந்தப் பெட்டி உங்களுக்காக வந்தது. ஆகையினாலே நீங்க யாரும் இதைத் தொடக் கூடாது. கிட்டவும் வரக் கூடாது. இதிலே வர்றது அத்தனையும் நெஜம்னு சர்க்காரே சொல்லிட்டதுனால, யாரும் யோசிச்சு உடம்பைக் கெடுத்துக்க வேண்டியதில்லே!"

பாட்டுக்கு முன்னால் எழுந்து நின்று, இன்னார் பாடப்போகிறார், இன்ன ராகம் என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. சம்பளம் இல்லை என்றதும் மச்சினர்கள் எல்லோருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. ஹயாத் பாஷா கையைத் தூக்கினார்.

அப்பேர்ப்பட்ட சந்தோஷத்தை அவர் அதற்கு முன் அறிந்ததில்லை. சாயங்காலமானால் ஜனங்கள் அவரை நோக்கி வந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்! குதிருக்குள் ஒளிந்த பிள்ளைகளெல்லாம் மீசை முளைத்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ராகம் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரியாத ராகத்துக்கெல்லாம் கல்யாணி என்று சொல்லிவிடுவார். யாரும் குறைசொன்னதில்லை.

குறைசொல்ல இருந்தது கமிட்டிதான். பாட்டைக் கேட்டு ஜனங்கள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதை மாரப்பன் கவனித்தார். உடனே கமிட்டி கூடியது.

"பாட்டு சர்க்கார் பெட்டியில வருது. அதைக் கேட்டு இப்படி இப்படித் தலையாட்டுனா என்ன அருத்தம்? வேண்டாம்னு அருத்தம். யுத்த காலத்துல இது எங்க போய் முடியும்? மேலுங்கீழுமா ஆட்டச் சொல்லுங்க பாய்."

ஹயாத் பாஷா ஜனங்களுக்கு மேலும் கீழும் ஆட்டக் கற்றுக்கொடுத்தார். ஆலாபனை நடக்கும்போது திடலே உலக்கை போட்டு நெல் குத்துவது போல இருந்தது.

அடுத்தபடியாக, சோகப் பாட்டு கேட்டால் ஜனங்களுக்குப் போர்த்தைரியம் குறையும் என்று தீர்மானமாயிற்று. மதராசில் பாடுகிறவரைக் கமிட்டியால் தடுக்க முடியவில்லை. ஆகவே ஒரு கருப்புக் கம்பளி கொடுத்தார்கள். சோகப் பாட்டு வந்தால் பெட்டியைக் கம்பளியால் மூடிவிட வேண்டியது, சந்தோஷப் பாட்டு வந்ததும் திறந்துவிட வேண்டியது.

"சோகப் பாட்டு எது, மத்தது எதுன்னு எப்படிங்க தெரியும்?" என்று ஹயாத் பாஷா கேட்டார்.

"கேக்கறவன் அழுதா சோகப் பாட்டு. இதுகூடத் தெரியாமயா இத்தினி வருஷம் புள்ளைங்களுக்கு ஊசி குத்துனீங்க?" என்றார் மாரப்பன்.

முனியாயி முதன்முதலில் பெட்டியைப் பார்த்தது இந்தக் கம்பளிக் காலத்தில்தான். செல்லன் அப்போது பட்டாளத்தில் சேர்ந்து எகிப்துக்குப் போயிருந்தான். சந்தை கலைகிற நேரத்தில் கூடையோடு வந்து நின்றவள், பெட்டி பேசுவதைக் கேட்டு முடித்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்தாள்.

"இது எங்கிருந்து பேசுது பாய்?"

"மதராசுலருந்து. சில நாளைக்குச் சீமையிலருந்துகூடப் பேசுது."

"அவ்ளோ தூரத்துல பேசுனா இங்க கேக்குதுன்னா, இங்க பேசுனா அங்க கேக்காதா?"

"கேக்காது ஆத்தா. இது வாய். காதில்ல."

முனியாயி பெட்டியை ஏற இறங்கப் பார்த்தாள். "வாய் உள்ள எதுக்கு பாய் காதில்லாம இருக்குது?" என்றாள்.

ஹயாத் பாஷா தமக்குத் தெரிந்த கோழி, மாடு, ஓணான் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தார். அதற்குள் அவள் பெட்டிக்கு நேராக நின்று, கையை வாயோரம் குவித்து, எதிர்ச்சரிவுக்குக் கேட்கிற குரலில் பாடிவிட்டாள்:

"மேட்டுக் கொல்லைக் காவக்காரா, கிளி வந்துச்சா?"

பாடிவிட்டுக் காத்திருந்தாள். பெட்டி கரகரவென்றது. "தூரமாச்சே, வர நேரமாகும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனாள். அதற்குப் பிறகு எந்தச் சந்தைக்கு வந்தாலும் ஒரு தரம் பாடாமல் போகமாட்டாள். முதல் அடியை மட்டும்தான் பாடுவாள். பதில் அடி அவனுடையது.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? தங்கவயலில் இருக்கும் மாமனுக்கு எருமை கன்று போட்டதைக் கருப்பி பெட்டியிடம் சொன்னாள். வெல்லமண்டிக்காரர் ஓடிப்போன தம்பியைப் பெட்டியிடம் வைதார். ஹயாத் பாஷா கம்பத்தடியில் நின்று "வாய், காதில்ல" என்று தொண்டை வற்றச் சொன்னார். ஒருத்தரும் கேட்கவில்லை. கமிட்டி ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் பெட்டி இங்கே பேசுவதை வெளியே கொண்டுபோகுமா, போகாதா என்பது கமிட்டியில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லும் வழக்கம் கமிட்டியில் இல்லை. ஆகவே கமிட்டி அதைக் கட்டுப்படுத்தியது.

"சத்துரு காதுல விழுந்தா என்னாகும்?" என்றார் மாரப்பன். "மழை பேஞ்சதைச் சொன்னா அவன் கொடை எடுத்துக்கிட்டு வருவான். எருமை கன்னு போட்டதைச் சொன்னா பால் குடிக்க வருவான். இனிமே பெட்டிகிட்ட பேசணுங்கிறவங்க மொதல்ல எங்ககிட்ட வந்து பேசிக் காட்டணும்."

ஊரார் வரிசையில் நின்று தங்கள் வீட்டு ரகசியங்களை மாரப்பனிடம் ஒப்பித்தார்கள். அவர் தாம்பூலம் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் உன்னிப்பாகக் கேட்டு, கேட்டபின் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தார். கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாக்கியம் தயாரித்துக் கொடுத்தார். "இங்கு யாவரும் க்ஷேமம். அரிசி தாராளம்." அந்த வருஷம் கடையில் அரிசியைக் கண்ணால் கண்டவர் இல்லை. ராகிக் கூழும் ஒருவேளைதான். காய்ந்த வாயோடு ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து, பெட்டியைப் பார்த்து, "இங்கு யாவரும் க்ஷேமம், அரிசி தாராளம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேர் அந்த வார்த்தைக்கு நடுவே தங்கள் ஆளின் பெயரை மட்டும் மெல்லச் சொருகிவிடுவார்கள்.

இதனால் ஊரின் நம்பிக்கை இரும்பாயிற்று. "போகாத பேச்சுக்கா சர்க்கார் கட்டுப்பாடு வெப்பாங்க? என்ன பாய், நீங்க இன்னும் வெவரம் தெரியாத ஆளா இருக்கீங்களே!" என்று வெல்லமண்டிக்காரர் அவருக்காக வருத்தப்பட்டார்.

முனியாயியின் பாட்டும் கமிட்டிக்குப் போயிற்று. கிளி என்றால் ஆகாய விமானம், மேட்டுக் கொல்லை என்றால் சேலத்துக்கு மேற்கே ஏதோ ஒரு ராணுவ ஸ்தலம் என்று மாரப்பன் கண்டுபிடித்தார். பாட்டுக்குத் தடை. அவள் கெஞ்சவுமில்லை, சண்டை போடவுமில்லை. சந்தை முடிந்து எல்லோரும் போனபின் பெட்டிக்கு எதிரே கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பாடாமல், சும்மா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஹயாத் பாஷா கம்பளியை மடிப்பதும் பிரிப்பதுமாக நிற்பார்.

பிறகு தந்தி வந்தது.

மலைக்குத் தந்தி கொண்டுபோக ஆள் இல்லை. சந்தையன்று தருவதாக ஏற்பாடாயிற்று. மாரப்பன் அதை ஒரு விழாவாகவே செய்தார். மாவிலைத் தோரணம் கட்டி, முனியாயியை மேடையில் ஏற்றி நிற்கவைத்தார். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"மகா ஜனங்களே! நம்ம கமிட்டி எல்லைக்குள்ளே இது மொதல் வீரமரணம். பக்கத்து ஊருக் கமிட்டிங்க இன்னும் இந்தக் கியாதி அடையலே. செல்லன் செத்துப்போனான்னு யாரும் நெனைக்கக் கூடாது. கம்பைநல்லூருக்குப் பேர் வாங்கிக் குடுத்தான்னு நெனைக்கணும். இந்த ஆத்தா இன்னிக்கு எவ்வளவு சந்தோஷப்படறாங்கன்னு அவங்க மொகத்தைப் பாத்தாலே தெரியும்!"

ஜனங்கள் பழக்கிவைத்தபடியே தலையை மேலும் கீழும் ஆட்டினார்கள். அவர்களுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்ணீர் ஓட ஓட ஆட்டினார்கள். முனியாயி அத்தனை தலைகளும் ஆமாம் ஆமாம் என்று சொல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் அழவில்லை. மேடையிலிருந்து இறங்கி ஹயாத் பாஷாவிடம் வந்தாள்.

"அவன் போறதுக்கு முன்னே நான் பாடுனது அவனுக்குக் கேட்டுச்சா பாய்?"

வாய், காதில்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார்.

"நான் எறங்கச் சொல்லலயே" என்றாள் முனியாயி. "அவன் எறங்கட்டுமான்னு கேட்டானா கேக்கலயான்னே தெரியலயே. கேக்காம நான் எப்படிச் சொல்றது? சொல்லாம அவன் எறங்க மாட்டான் பாய். சொன்ன பேச்சு தட்டாத புள்ள. மேலயே ஒக்காந்திருப்பான்."

பெட்டியில் அப்போது யாரோ உருக்கமாகப் பாடிக்கொண்டிருந்ததால் அது கம்பளி போர்த்தியிருந்தது. ஹயாத் பாஷா கம்பளியைப் பிடித்து இழுத்துக் கீழே எறிந்தார். "பாடு ஆத்தா" என்றார்.

முனியாயி பாடினாள். அந்த அடியை அவள் பாடிய விதத்தில், எகிப்துக்குக் கேட்டதோ இல்லையோ, ஒகேனக்கல்லில் பரிசல்காரர்கள் துடுப்பை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னால் நானே நம்புவேன். பாடிவிட்டு முன்போலவே காத்திருந்தாள். பெட்டி கரகரத்தது. மாரப்பன் சேலத்துக்கு ஆள் அனுப்பினார்.

அடுத்த சந்தையில் சேலத்திலிருந்து ரேடியோ ஸ்பெஷல் ஆபீசர் வந்து திடலிலேயே விசாரணை வைத்தார். பெட்டியை நடுவில் வைத்து, ஒரு பக்கம் முனியாயியும் மறுபக்கம் ஹயாத் பாஷாவும் நிறுத்தப்பட்டார்கள்.

"சர்க்கார் நீதி மிகவும் எளிமையானது" என்றார் ஆபீசர். "இந்த ஸ்திரீ பாடியது பெட்டி வழியாக வெளியே போயிருந்தால் அது யுத்த காலத் துரோகம். அனுமதித்த நீர் ஜெயிலுக்குப் போவீர், பெட்டி மதராசுக்குப் போகும். வெளியே போகவில்லை என்றால் குற்றமே இல்லை. நீர் உம்முடைய பாட்டைப் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கலாம்."

"போகுமா போகாதான்னு எஜமானுக்குத் தெரியுமுங்களே" என்றார் ஹயாத் பாஷா.

ஆபீசர் கனைத்தார். "நான் மதராசில் கேட்டேன். டில்லியில் கேட்கச் சொன்னார்கள். டில்லியில் கேட்டேன். அது ராணுவ ரகசியம், யுத்தம் முடிந்ததும் தெரிவிக்கிறோம் என்றார்கள். ஆகையால் இந்தப் பெட்டியைப் பற்றி அதிகம் தெரிந்தவர் இப்போதைக்கு நீர்தான். சொல்லும், அவள் பாட்டு போயிற்றா, போகவில்லையா?"

வெல்லமண்டிக்காரர் ஹயாத் பாஷாவைப் பார்த்து, போகலேன்னு சொல்லித் தொலைங்க பாய் என்று கண்ணாலேயே கெஞ்சினார். எவ்வளவு காலமாக அவர் சொல்லிவந்த வார்த்தை! யாரும் காதில் போட்டுக்கொள்ளாத அந்த வார்த்தையை இன்றைக்குச் சர்க்காரே கைகட்டிக் கேட்கிறது. சொன்னால் பெட்டி இருக்கும். நாளைச் சாயங்காலமும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அவரை நோக்கி வருவார்கள்.

முனியாயி கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"போச்சுங்க" என்றார் ஹயாத் பாஷா.

"எப்படித் தெரியும்?"

"பதில் வந்துச்சுங்க."

"என்ன பதில்?"

அவர் ஆபீசர் பக்கம் திரும்பவில்லை. ஆயிரம் பாட்டுக்கு முன்னால் நின்று கல்யாணி, கல்யாணி என்று சொன்ன மனிதர், தாமாக ஓர் அடி பாடியவரில்லை. கரகரத்த தொண்டையை உயர்த்தி, பரணிலிருக்கிற பிள்ளை மாதிரி இழுத்தார்:

"வந்த கிளி போயிருச்சு... வெயிலுஞ் சாஞ்சிருச்சு... ஆத்தா, நான் எறங்கட்டுமா?"

முனியாயி அவர் முகத்தையே பார்த்தாள். வலிக்காதுடா ராஜா என்று சொன்ன முகம். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கூடை கீழே விழுந்தது. கையை வாயோரம் குவித்து, மலையையெல்லாம் தாண்டிப் போகும்படி சொன்னாள்:

"எறங்கு சாமி. எறங்கு."

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். தந்தி வந்ததற்குப் பிறகு அவள் அழுதது அப்போதுதான். திடலில் தலைகளெல்லாம் தங்கள் பழைய வாக்கிலே பக்கவாட்டில் ஆடின.

"பாய், கம்பளி! கம்பளி எங்கே? பெட்டிய மூடுங்க!" என்று மாரப்பன் கத்தினார். பெட்டி அப்போது பாடவே இல்லை.

ஆபீசர் பேனாவைத் திறந்தார். "ஓய்வுபெற்ற சர்க்கார் ஊழியர் நீர். யோசித்துச் சொல்லும். இது நிஜமாக நடந்ததா?"

"நடந்துச்சுங்க" என்றார் ஹயாத் பாஷா. "பெட்டிக்குப் பொறுப்பு நானுங்க. எனக்குத் தெரியாதா?"